என்-ஸ்கேலில் ஷண்டிங்: வேகனைக் கையால் தொடாமல் கழற்றிவிடுவது எப்படி?

ஷண்டிங் என்றால் எஞ்சினால் வேகன்களை இழுத்து, தள்ளி, பிரித்து, கோப்பது. என்-ஸ்கேல் என்பது மாதிரி ரயிலின் ஓர் அளவு: 1:160, 9 மி.மீ. தண்டவாள அகலம். பழைய வேகன்களில் இருக்கும் சதுரக் கொக்கி ராப்பிடோ கப்ளர் (வேகன்களை இணைக்கும் பாகம்) இழுக்கும், தள்ளும். ஆனால் கழற்ற ஒரு கொக்கி மேலே எழும்ப வேண்டும். பார்க்க ரயில் போலவே இருக்காது. மைக்ரோ-ட்ரெயின்ஸ் வகை காந்த நக்கிள் கப்ளருக்கு (மடக்கிய விரல்கள் போலக் கோத்துக்கொள்வது, காந்தத்தால் திறப்பது) மாற்றிவிடுங்கள்.

மாட்டுவது

கப்ளரை போகியில் (வேகனுக்கு அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டம்) மாட்டாமல், வேகனின் அடித்தளத்தில் திருகுவதே என் தேர்வு. போகியில் இருந்தால், பின்னால் தள்ளும் விசை முழுவதும் போகியைத் திருப்பும். பாயின்டில் (தடம் பிரியும் இடம்) ஏறியதும் தடம் புரளும். 25 செ.மீ. ஆரம் போன்ற இறுக்கமான வளைவில் நீள வேகன் ஓட்டுபவர்களுக்கு மட்டும் போகியே பரவாயில்லை.

1 மி.மீ. துளை, 00-90 என்ற அளவுள்ள குட்டித் திருகு. திருகை முழு இறுக்கம் கொடுத்தால் கப்ளர் இருக்கும் பெட்டி நசுங்கி கப்ளர் சிக்கிக்கொள்ளும். விரலால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கிராஃபைட் தூள் போடுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும்.

உயரம்

கப்ளரின் உயரம் பார்க்கும் கேஜ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது. கப்ளர் தாழ்ந்திருந்தால் போகிக்கும் வேகனுக்கும் நடுவே மெல்லிய வாஷர். உயர்ந்திருந்தால் கப்ளர் பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் தகடு. கப்ளரின் கீழே தொங்கும் வளைந்த கம்பிக்கும் (காந்தம் இழுப்பது இதைத்தான்) தண்டவாள மேல்மட்டத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். அதைவிடத் தாழ்ந்தால் பாயின்டில் மாட்டும். உயர்ந்தால் காந்தம் இழுக்காது.

எடை

என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) பரிந்துரை: 14 கிராம், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் சுமார் 4.25 கிராம். 3 அங்குல நாற்பதடி பாக்ஸ்கார் (மூடிய சரக்கு வேகன்; நிஜத்தில் நாற்பதடி, மாதிரியில் 3 அங்குலம்) ஏறக்குறைய 27 கிராம் இருக்க வேண்டும். எடை குறைந்த வேகன் இணையாமல் நழுவி ஓடும்.

காந்தம், அந்தத் தந்திரம்

கம்பிகளை இழுத்துக் கப்ளரைத் திறக்கும் காந்தத்தை நேர் தண்டவாளத்தில் மட்டும் வையுங்கள். இருபுறமும் ஒரு வேகன் நீளமாவது நேராக இருக்கட்டும். இனி வருவதுதான் எல்லோரும் தடுமாறும் இடம்.

1. இணைப்பு காந்தத்தின் நேர் மேலே வரும்படி நிறுத்துங்கள்.
2. எஞ்சினை வேகன் பக்கமாக ஒரு இழை நகர்த்துங்கள். கப்ளர் இழுபட்டு நின்றால் திறக்காது. தளர்ந்தால்தான் கம்பிகள் பக்கவாட்டில் விலகும்.
3. எதிர்த்திசையில் சில மில்லிமீட்டர் மட்டும் விலகுங்கள்.
4. காந்தத்தின் மேலேயே மறுபடி தள்ளுங்கள். இப்போது கப்ளர்கள் பூட்டிக்கொள்ளாமல் முகத்தோடு முகம் முட்டி நிற்கும். வேண்டிய இடம் வரை தள்ளி, நிறுத்தி, எஞ்சினை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மூன்றாம் படியில் கூடுதலாக நகர்ந்தால் கப்ளர் காந்தத்தைத் தாண்டி நடுவுக்குத் திரும்பிவிடும். தள்ளியதும் மறுபடி பூட்டிக்கொள்ளும். தள்ளும் வழியில் பின்வாங்கினாலும் அதே கதி, காந்தத்துக்கே திரும்ப வேண்டும். டிசிசி (டிஜிட்டல் ரயில் கட்டுப்பாடு) வைத்திருப்பவர்கள், எஞ்சின் மெல்ல நிற்பதைத் தீர்மானிக்கும் சிவி 4 என்ற அமைப்பைக் குறையுங்கள். நின்ற பின்னும் எஞ்சின் ஊர்ந்தால் சில மில்லிமீட்டர் கணக்கெல்லாம் பொய்த்துப் போகும்.

கை எட்டும் சின்ன யார்டு என்றால் காந்தமே வேண்டாம். கூர்சீவிய மூங்கில் குச்சியை இரு நக்கிளுக்கும் நடுவே மேலிருந்து விட்டு மெல்லத் திருகினால் கழன்றுவிடும். உண்மையான ஷண்டிங்கிலும் ஆள் இறங்கிப்போய்த்தான் கழற்றுகிறார். அந்தச் சில நொடி நிறுத்தமே பார்க்க அழகு.

பிற்சேர்க்கை: காந்தத்தருகே விட்ட வேகன் தானாக நகர்ந்தால் பேயில்லை, இரும்பு அச்சுதான். காந்தம் ஈர்க்காத அச்சுள்ள சக்கரம் போடுங்கள். நிறுத்தாமல் ஓடும் ரயில் அங்கே இரண்டாகப் பிரிந்தால், மெயின் லைனில் நிரந்தரக் காந்தத்துக்குப் பதில் மின்காந்தம் வையுங்கள்.

பழகிப் பார்க்க ஆலன் ரைட்டின் இங்கிள்நுக் என்ற ஷண்டிங் புதிர் போதும்: 5, 3, 3 வேகன் கொள்ளும் மூன்று சைடிங் (கிளைத் தடம்), மொத்தம் 8 வேகன், அதில் 5-ஐ சொன்ன வரிசையில் கோக்க வேண்டும். 6720 வரிசைகள் சாத்தியம்.