சாலை கம்போளத்தில் எலெக்ட்ரிக் சாமான் வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் மார்த்தாண்டத்தில் வேலை. என்னிடம் எலெக்ட்ரீஷியன் தொழில் பழகும் பையன், திருவனந்தபுரத்தில் சாலை கம்போளம் என்கிற சந்தையில் வாங்கிய வயர்ச் சுருளை நீட்டினான். "அண்ணே, நம்ம ஊர் விலையைவிட ரொம்பக் குறைவு." கையில் வாங்கியதுமே வயிற்றைப் பிசைந்தது. கனமே இல்லை. பல வருடம் முன்பு நான் ஏமாந்த அதே சரக்கு.

பேரம் பேசுவதெல்லாம் போகப் போகத் தானாக வந்துவிடும். போலிச் சரக்கை அடையாளம் காண்பது அப்படியில்லை.

மேலே எழுதியிருப்பதை நம்பி வயர் வாங்குவது

குளச்சல் பக்கம் ஒரு புது வீடு. 'ரெண்டரை ஸ்கொயர்' (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மி.மீ.) என்று அச்சடித்த நாலு சுருளைப் பில் இல்லாமல் வாங்கி வந்தேன். குளியலறையில் 3,000 வாட் ஹீட்டர், 13 ஆம்பியர் இழுக்கும். நல்ல செம்புக்கு அது பெரிய சுமையே இல்லை. ஆறு மாதத்தில் வீட்டுக்கார அம்மா போன் போட்டார்: "தம்பி, பிளக் பக்கம் கருகின நாத்தம் வருது."

பிளேட்டைக் கழற்றினால் வயரின் தோல் உருகிப் பைப்போடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் வரவில்லை. புது டைல்ஸைக் கொத்தித்தான் எடுத்தோம். இழையைச் சுரண்டினால் மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளை அலுமினியம். செலவு முழுக்க என்னுடையது. பணம் போனால் போகட்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு அது! நினைத்தால் இன்றும் ஆத்திரம் அடங்குவதில்லை. விற்ற கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: "பில் எங்கே?"

ரெண்டரை ஸ்கொயரில் பொதுவாக 0.3 மி.மீ. இழைகள் 36 இருக்கும். எண்ணினால் மட்டும் போதாது, இழையையே மெலிதாக்கிவிடுகிறார்கள். ஒரு மீட்டர் வெட்டி, தோலை உரித்து, நகைக்கடைத் தராசில் வையுங்கள். 22 கிராமை ஒட்டி வர வேண்டும், ஒன்றரை ஸ்கொயர் என்றால் 13. ஒன்றிரண்டு கிராம் முன்பின் இருக்கலாம். என் வயர் ஏழு கிராம்கூட இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணைக் கடையில் நின்றபடியே, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிடலாம்.

சுவிட்ச் பாக்ஸ் ஒரு கம்பெனி, அதை மூடும் பிளேட் ஒரு கம்பெனி

ஸ்க்ரூ துளை ஒத்து வராமல் போகும். சேர்த்தே வாங்குங்கள்.

கடலோர வீட்டுக்குச் சாதா இரும்பு ஸ்க்ரூ

வேண்டாம். முட்டம், குளச்சல் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு கழற்றவே முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள்.

கடை வெளிச்சத்தில் எல்.இ.டி. பல்பின் நிறம் பார்ப்பது

பெட்டியில் எண்ணைப் பாருங்கள். 3000 கெல்வின் மஞ்சள், 6500 வெள்ளை.

பில்

பையன் வாங்கி வைத்திருந்தான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.