தோட்ட ஆபீசில் ஐபி முகவரி தீர்ந்தால்: சும்மா கிடப்பதை மீட்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்பட்டணங்களில் ஆபீஸ், மில், லாரி எடைமேடை, கேமரா, குடியிருப்பு வைஃபை எல்லாம் ஒரே ரவுட்டரில் தொங்குவது சகஜம். சாதனங்களுக்குக் கொடுக்கும் அடையாள எண்ணான ஐபி முகவரி ரவுட்டரின் கைவசம் 254. கேபிள் சரியாக இருந்தும் புதுக் கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால், ரவுட்டரிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லையா என்று பாருங்கள். உடனே வரம்பை விரிக்காதீர்கள். நிலையான எண் போட்டுவைத்த ஒவ்வொரு பிரிண்டரிலும் கேமராவிலும் வரம்பைச் சொல்லும் சப்நெட் மாஸ்க்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் பட்டியல்: ஐபி, மாக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), எந்த இடம், கடைசியாகத் தென்பட்ட நாள். 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் சோதனையை நம்பாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். ஆனால் அதே நெட்வொர்க்கில் வரும் 'இந்த எண் யாருடையது' என்ற ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப் நிரலை அட்மின் உரிமையோடு உள்ளிருந்து ஓட்டினால் ஏஆர்பி வழியாகவே தேடும். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), நடுப்பகல், இரவு என மூன்று வேளை, ஒரு சம்பள மாதம் முழுக்க ஓட்டுங்கள். சம்பளச் சீட்டு அடிக்கும் பிரிண்டர் மாதக் கடைசியில்தான் விழிக்கும்.

அதிகம் முடங்கிக் கிடப்பது போன்களிடம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபை பெயருக்குப் பெயர் வேறு மாக் காட்டும். சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டருக்குத் தனிப் பெயர் வைத்தால் ஒரே போன் இரண்டு முகவரியைப் பிடித்துக்கொள்ளும். பெயரை ஒன்றாக்குங்கள், லீஸ் நேரத்தை (ரவுட்டர் ஓர் எண்ணை இரவல் தரும் காலம்) 4 மணியாகக் குறையுங்கள். ஏற்கெனவே கொடுத்த லீஸ் 8 நாள் என்றால், காணாமல்போன போன்களின் எண்கள் விடுபட அத்தனை நாள் ஆகலாம். பொறுக்காமல் லீஸ் பட்டியலை மொத்தமாக அழிப்பவர்கள் உண்டு. ரவுட்டர் மறந்துவிடும், போன் மறக்காது. ஒரே எண் இரண்டு சாதனத்துக்குப் போய் இரண்டும் விட்டுவிட்டு வேலை செய்யும்.

நிலையான எண்களுக்குக் கிராணி (எழுத்தர்), மில் சூப்பர்வைசர், காவலாளி என உரியவரிடமே கேளுங்கள். பதில் வராத எண்ணை உடனே பிறருக்குத் தராதீர்கள். அந்தச் சாதனத்தின் கேபிள் செருகிய ஸ்விட்ச் போர்ட்டை அணைத்து, இன்னொரு சம்பளம் வரை விட்டுவையுங்கள். யாரும் கத்தாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். எடைமேடைக் கம்ப்யூட்டரில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும்.

இணையத்தில் உங்களைக் காட்டும் வெளிப்பக்கப் பொது முகவரி வேறு கதை. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்து பங்கீட்டை இறுக்கிவிட்டது. விட்ட எண் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். திருப்பித் தருமுன், பெயரை எண்ணோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவையும், தலைமை அலுவலக ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் உள்ள எண்ணையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்து அந்த எண்ணைப் பெறுபவரை அந்த ஃபயர்வால் உங்கள் ஆள் என்றே உள்ளே விடும்.