போன் ஒண்ணு போதும், பயோமெக்கானிக்ஸ் கத்துக்க ஆரம்பிக்கலாம்

பயோமெக்கானிக்ஸ், அதாவது உடம்பு அசையுறதுக்குப் பின்னாடி இருக்கிற ஃபிசிக்ஸ், படிக்கணும்னு ஆசைப்படுறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல ஒரு தடி புக்கைத் தூக்குறாங்க, டார்க், இனர்ஷியான்னு வந்ததும் மூடி வச்சிடுறாங்க. என்னைக் கேட்டா முதல்ல ஒரே ஒரு ஜம்பை அளங்க, நின்ன இடத்துலேர்ந்து நேரா மேல குதிக்கிற சாதா ஜம்ப்தான், மத்ததெல்லாம் அதுலேர்ந்து தானா வரும்.

போன்ல ஸ்லோ மோஷன் செகண்டுக்கு 240 ஃப்ரேம்ல வைங்க, ஃப்ரேம்னா வீடியோவுல இருக்கிற ஒவ்வொரு தனிப் படம். வெயில் இருக்கும்போதே வெளிய எடுங்க, டியூப்லைட்டுக்குக் கீழ எடுத்தா வீடியோ பூரா மினுக்கி மினுக்கி கண்ணே வலிக்கும். போனைக் கையில பிடிக்காம ஒரு செங்கல்ல சாய்ச்சு, பாதம் தெளிவா தெரியுற மாதிரி தரையோட தரையா வைங்க. குதிக்கிறவர் ரெண்டு கையையும் இடுப்புல வச்சுக்கட்டும், கை வீசினா உயரம் கூடும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வீசுவாங்க, அப்புறம் எதையும் எதோடயும் ஒப்பிட முடியாது.

இப்ப கினோவியான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ்ல ஓடும், அதுல ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளிப் பாருங்க. கால்விரல் தரையை விட்ட ஃப்ரேம், திரும்பத் தொட்ட ஃப்ரேம், நடுவுல எத்தனைன்னு எண்ணுங்க. 120 ஃப்ரேம்னா அரை செகண்ட். அந்த நேரத்தை அதாலேயே பெருக்கி, 9.81 ஆல பெருக்கி, 8 ஆல வகுங்க, 0.307 மீட்டர் வரும், அதாவது 31 சென்டிமீட்டர் கிட்ட. ஏன் 8? மேல போக பாதி நேரம், கீழ வர பாதி நேரம், பாதியை ஸ்கொயர் பண்ணா கால்பங்கு, கீழ விழுற தூரத்துக்கான ஃபார்முலாவுல (அரை × புவியீர்ப்பு 9.81 × நேரம் × நேரம்) ஏற்கெனவே ஒரு அரை இருக்கு, ரெண்டும் சேர்ந்தா எட்டுல ஒண்ணு, அவ்ளோதான்.

சாதா 30 ஃப்ரேம் வீடியோ போதாதான்னு கேட்பீங்க. அதே ஜம்ப் அதுல 15 ஃப்ரேம், ஒண்ணே ஒண்ணு தப்பா எண்ணி 16ன்னு போட்டா 35 சென்டிமீட்டர் ஆயிடும். 240ல ஒண்ணு தப்பினா அரை சென்டிமீட்டர்தான் மாறும்.

நான் ஒரு தடவை மாட்டிக்கிட்டது சொல்றேன். வாலிபால் ஆடுற தம்பி ஒருத்தன் ஸ்லோ மோஷன் வீடியோவை வாட்ஸப்ல அனுப்பினான், வந்து சேர்ந்தது 30 ஃப்ரேம்ல மெதுவா ஓடுற வீடியோ, நான் கவனிக்காம அதுல ஓடுற நேரத்தையே எடுத்து கணக்குப் போட்டேன், பையன் கிட்டத்தட்ட 20 மீட்டர் குதிச்சிருக்கான், ஆறு மாடி! அதனால ஒரிஜினல் ஃபைலை கேபிள்ல காப்பி பண்ணுங்க, கினோவியாவுல எத்தனை ஃப்ரேம்ல எடுத்ததுங்கறதையும் கண்டிப்பா சொல்லிடுங்க.

இன்னொரு திருட்டு வேலை, இறங்கும்போது முட்டியை மடக்கிக்கிட்டே வர்றது. காத்துல இருக்கிற நேரம் கூடும், குதிச்ச உயரம் கூடாது. கால் நீட்டி கிளம்பினவர் கால் நீட்டியே தரையைத் தொடணும், தொட்டப்புறம் மடக்கிக்கட்டும்.

இது கைவந்ததும் ரெண்டு ஜம்பை ஒப்பிடுங்க. ஒண்ணு சட்டுனு குனிஞ்சு குதிக்கிறது, இன்னொண்ணு பாதி உட்கார்ந்து மூணு செகண்ட் அசையாம நின்னு அப்படியே குதிக்கிறது. பெரும்பாலும் முதல் ஜம்ப்தான் ஜெயிக்கும். ஏன்னு கேட்டா ரப்பர் மாதிரி எனர்ஜி சேருதுன்னு மட்டும் சொல்லி விட்டுடுவாங்க, ஆனா கீழ இறங்குற உடம்பை நிறுத்தும்போதே தசை முறுக்கேறிடுது, மேல கிளம்புற அந்தக் கணத்துலேயே நல்ல ஃபோர்ஸ் தயாரா இருக்கு, எனக்கு அதுதான் பெரிய காரணமா படுது.

கிரிக்கெட் பசங்க அடுத்து கேக்குறது பவுலிங் முழங்கை. ஐசிசி விதிப்படி கை தோள் மட்டத்துக்கு வந்ததுலேர்ந்து பந்தை விடுற வரை முழங்கை மடக்கு 15 டிகிரிக்கு மேல விரிஞ்சு நீளக்கூடாது, மடங்கியிருக்கிறது குத்தமில்ல, நீளுறதுதான் கணக்கு. முரளிதரன் விஷயத்துல பல பேர் குழம்பினது இங்கதான், அவருக்குப் பிறவியிலேயே கை முழுசா நீளாது. ஒரு போனை வச்சு இதை அளக்கவே முடியாது, கை சுத்தும்போது கேமரா கோணத்தாலேயே நீளுற மாதிரி தெரியும், லேப்ல உடம்புல மார்க்கர் ஒட்டி சுத்தி நிறைய கேமரா வச்சு எடுப்பாங்க, சென்னை ராமச்சந்திராவுல அப்படி ஒரு சென்டர் இருக்கு. ஆனா முன்னங்கால் முட்டி எவ்ளோ மடங்குது, கடைசி ஸ்டெப் எவ்ளோ நீளம், இதெல்லாம் நேர் பக்கவாட்டுல, இடுப்பு உயரத்துல, நல்லா தள்ளி போனை வச்சு தாராளமா அளக்கலாம். வீடியோவுல நீளத்தை அளக்க, உயரம் தெரிஞ்ச ஒரு பொருள் ஸ்கேலா வேணும், அதுக்கு பவுலர் பக்கத்து ஸ்டம்பையே வச்சுக்கோங்க, 28 இன்ச்.