வூஃபருக்கு ஆம்ப் வாங்குமுன் காந்தத்தின் பின்னால் பாருங்கள்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு முகப்பில் ஒரு ஜோடி 8 இன்ச் வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) வைக்க ஆசைப்பட்டு, பெட்டியில் ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ’ என்று போட்டிருந்ததை நம்பி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கி ஏமாந்தவன் நான். பி.எம்.பி.ஓ என்பது நொடிப்பொழுது உச்சத்தை விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் எண், அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஆர்.எம்.எஸ் (தொடர்ந்து தரும் உண்மையான சக்தி) எத்தனை வாட்ஸ், அதுவும் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வூஃபரின் காந்தத்தின் பின்னால் 4 ஓமா 8 ஓமா என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். டி.பி.ஏ.3116 சிப் வைத்த கிளாஸ்-டி (மின்சாரம் அதிகம் வீணாகாத வகை) ஆம்ப் போர்டு 24 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஒரு பக்கம் சுமார் 30 வாட்ஸ் தரும், 4 ஓமென்றால் 50 வரை போகும். வீட்டுக்கு இதுவே தாராளம். போர்டில் மிச்சம் பிடித்தாலும் பவர் சப்ளையில் பிடிக்காதீர்கள், 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் நல்லதாக வாங்குங்கள், 26 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் கிடந்தால் அதுவும் ஓடும், சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. ஆத்தங்குடிக் கல்லும் உயரமான கூரையும் உள்ள நம் வீடுகளில் சத்தம் எதிரொலிக்கும், மூலையில் வைத்தால் பேஸ் குமுறும். சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி வைத்து, எதிரே ஒரு கனமான ஜமுக்காளத்தை விரித்துப் பாருங்கள்.