மாடித்தோட்டத்தில் லெட்யூஸ்: வெயிலைச் சமாளிக்கும் முறைகள்

அரைக்கீரையையும் சிறுகீரையையும் தூவுவதுபோல் நினைத்த மாதத்தில், சாலட்டில் பச்சையாக உண்ணும் கீரையான லெட்யூஸின் விதையைத் தூவிவிட்டு, முளைக்கவில்லை என்றும், முளைத்தது கசக்கிறது என்றும் வருந்துவோர் பலர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி குளிர்ச்சியை நாடுவது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில்தான் அது நன்றாகத் தழைக்கும். நீலகிரியில் அது எளிதாக விளைவதற்கும், சமவெளியின் மொட்டைமாடியில் அதே விதை நம்மைச் சோதிப்பதற்கும் வெயிலே முதற்காரணம். கீழே சொல்லப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை, வேறு வேறாகத் தோன்றினாலும், அந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை.

ஆகவே முதலில் காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அக்டோபர் கடைசியில் குழித்தட்டில் (நாற்று வளர்ப்பதற்கான சிறு குழிகள் கொண்ட தட்டு) விதைத்து, வடகிழக்குப் பருவமழையின் கடும் பொழிவு நாற்றுகளை அடித்துவிடாதபடி கூரையின் ஓரத்தில் வெளிச்சம் படும் இடத்தில் வைத்திருந்து, நவம்பர் பிற்பகுதியில் தொட்டிக்கு மாற்றுவது பொருத்தமாக இருக்கும். ஜனவரி முதல் வாரத்திற்குப் பிறகு சமவெளியில் விதைப்பது வீண் உழைப்பு என்பதே என் கருத்து.

வகையைத் தேர்வதிலும் இதே கணக்குத்தான். கடையில் உருண்டையாகக் கிடைக்கும் ஐஸ்பெர்க் வகை, நீண்ட நாள் குளிர்ச்சி கிடைத்தால் மட்டுமே இறுகிய தலையாகக் கூடும்; நம் மாடியில் அது பெரும்பாலும் தளர்ந்த கொத்தாகவே நின்றுவிடும். இலை இலையாகப் பறிக்கக்கூடிய லோலோ ரோஸா போன்ற சுருட்டை வகைகளும், நிமிர்ந்து வளரும் ரோமைன் வகையும் தொடங்குவோருக்கு ஏற்றவை.

விதை முளைக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: வெப்பம், ஆழம், பழைய விதை. மண்ணின் வெப்பம் 30 டிகிரியை நெருங்கினால் பல வகைகளின் விதைகள் முளைக்க மறுத்து உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். ஈரத்தோடு சூடுபட்ட விதை, பிறகு குளிர்ந்தாலும் சில நேரம் எழுவதில்லை. இதைத் தவிர்க்க, விதைகளை ஈரத்துணியில் மடித்து, ஒரு சிறு டப்பாவில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரு நாள் வைத்திருந்து, பின்னர் விதைக்கலாம். பல வகைகளுக்கு முளைப்பதற்கு ஒளியும் தேவை என்பதால், விதையை மண்ணில் புதைக்காமல், மேலே வைத்து மெல்ல அழுத்தி, தூள் மண்ணை மூடியும் மூடாமலும் தூவினால் போதும்.

வேர் மேலோட்டமானது, 15 முதல் 20 செ.மீ. ஆழமுள்ள அகன்ற தொட்டியே போதுமானது. செம்மண், மக்கிய உரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். நார்க்கழிவை மட்டும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும், ஏனெனில் அதில் தங்கியிருக்கும் உப்பை இந்தச் செடி அதிகம் தாங்காது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் அவ்வாறே இலை ஓரங்களைக் கருக்கும்; மழைநீர் சேமிப்பு உள்ளவர்கள் அதை இதற்கென ஒதுக்கலாம். செடிக்குச் செடி 20 முதல் 25 செ.மீ. இடைவெளி விட்டு நட்டு, காலை வெயில் நான்கைந்து மணி நேரம் பட்டு, நண்பகலுக்குப் பின் நிழல்வலையோ சுவரோ மறைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கருநிறத் தொட்டிகள் தளத்தின் சூட்டோடு சேர்ந்து வேரை வாட்டுவதால், அவற்றைச் செங்கல்மேல் உயர்த்தி வைத்து, மண்ணின்மேல் காய்ந்த இலைச்சருகால் மூடாக்கு இடுவது, கூடுதலாக ஒரு வேளை நீர் ஊற்றுவதைவிடப் பயன் தரும்.

நாற்று மெலிந்து நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. அடித்தண்டு அழுகி விழுந்தால் ஈரம் மிகுதி, காற்றோட்டம் குறைவு. உள்ளிலைகளின் நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால் பலரும் முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுகிறார்கள். குறைபாடு சுண்ணாம்புச் சத்தினுடையதுதான். ஆனால் அது பெரும்பாலும் மண்ணில் இல்லாததால் அன்று, வேகமாக வளரும் இளம் இலைகளுக்கு நீரோடு சென்று சேராததால் வருவது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்தி, சீராக நீர் கொடுத்து, தழைச்சத்து உரத்தைக் குறைத்தாலே புதிய இலைகள் தெளிந்து வரும்.

இலையின் அடிப்புறத்தில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி தென்பட்டால், முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பார்க்கலாம்; அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 3 முதல் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம், ஆனால் அதன் கசப்பு இலையில் சில நாள் தங்கும். மழைநாளின் நத்தைகளை இரவில் விளக்கோடு சென்று பொறுக்குவதே எளிது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இது பச்சையாக உண்ணப்படும் கீரை என்பதால், சாணம் சேர்ந்த பஞ்சகவ்யத்தையும் ஜீவாமிர்தத்தையும் இலைமேல் தெளிப்பது கூடாது, நன்கு மக்கிய மண்புழு உரத்தை வேரடியில் இடுவதே பாதுகாப்பானது.

நட்டு ஒரு மாதமளவில் வெளியிலைகளை அதிகாலையில் பறிக்கத் தொடங்கலாம். அப்போதுதான் இலை நீர்ப்பிடிப்போடு மொறுமொறுப்பாக இருக்கும். நடுத்தண்டு திடீரென உயர்ந்து, கிள்ளினால் பால் வடிந்தால், செடி பூக்கத் தயாராகிவிட்டது; இனி நிழலும் நீரும் கசப்பை நீக்கா. உங்கள் செடிகளில் மிகவும் தாமதமாகத் தண்டுவிட்டதை மட்டும் விட்டுவைத்து, மஞ்சள் பூக்கள் உதிர்ந்து வெண்பஞ்சு தோன்றும்போது விதைகளைச் சேகரிக்கலாம். பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் விளைவதால், தாயின் இயல்பு அவற்றில் மாறாமல் வரும். நிழலில் உலர்த்திய விதைகளைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், அடுத்த அக்டோபர் வரை முளைப்புத்திறன் குறையாமல் இருக்கும்.