செம்பருத்திக்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங்

செம்பருத்தியை நேருக்கு நேராக மேக்ரோ லென்ஸில் எடுத்தால், சூல்முடி (நடுத்தண்டின் நுனி) தெளிந்தால் இதழ் மங்கும், இதழ் தெளிந்தால் சூல்முடி மங்கும். நடுத்தண்டு இதழ்களைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதே காரணம். 1:1 உருப்பெருக்கத்தில் (பூ அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது) ஃபுல் ஃபிரேம் கேமராவில் லென்ஸ் துளையை எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எஃப்/22 வைத்தால் ஆழம் கூடும். ஆனால் 1:1-இல் அது எஃப்/44 அளவுக்கு ஆகி, டிஃப்ராக்‌ஷனால் (சிறிய துளையில் ஒளி பரவுவதால்) படம் முழுக்க மழுங்கிவிடும். எஃப்/5.6 அல்லது எஃப்/8-இலேயே நின்று, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துச் சேர்ப்பதுதான் வழி. இதுவே ஃபோகஸ் ஸ்டாக்கிங்.

செடியில் வைத்து எடுக்க வேண்டாம். மெல்லிய காற்றுகூட 1:1-இல் பூவைத் தெளிவான ஆழத்துக்கு வெளியே தள்ளிவிடும். காலையில் நன்கு விரிந்த பூவைக் காம்போடு பறித்து உள்ளே கொண்டுவாருங்கள். தண்ணீரில் வைக்காவிட்டாலும் சில மணி நேரம் வாடாது. காம்பைத் துணி கிளிப்பில் கவ்வி, கிளிப்பை மேஜையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடமாவது பூவை அப்படியே விடுங்கள். உள்ளே எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், படங்களைச் சேர்த்த பிறகு ஒரே எறும்பு நான்கு இடங்களில் தெரியும்.

ஜன்னல் வெளிச்சம் அழகுதான், ஆனால் ஒரு மேகம் கடந்தால் பாதிப் படங்கள் இருண்டுவிடும். எல்இடி விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்டுவது நம்பகமானது. எலக்ட்ரானிக் ஷட்டரில் சில எல்இடிக்களால் பட்டை விழும். 1/10 நொடி அல்லது அதைவிட நீண்ட ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஐஎஸ்ஓ 100, மேனுவல் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இல்லாமல் ஒரே அளவில், ரா ஃபைல். டிரைபாடில் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள்.

சிவப்புச் செம்பருத்தியில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகக் காட்டினாலும் சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அங்கே இதழ் நரம்புகள் அழிந்துவிடும். படங்களைச் சேர்க்கும் மென்பொருள், ஒவ்வொரு இடத்துக்கும் எந்தப் படத்தில் நுணுக்கம் அதிகம் என்று பார்த்தே தேர்ந்தெடுக்கிறது. நரம்பே இல்லாத இடத்தில் அது தடுமாறும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வேண்டுமானால் 2/3 ஸ்டாப் குறையுங்கள்.

எத்தனை படம்? முழுப் பூவும் சட்டத்தில் நிற்கும்போது (ஏறத்தாழ 1:4) எஃப்/8-இல் ஒரு படத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் தெளியும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். 15 படம் தாராளம். சூல்முடியையும் மகரந்தப் பைகளையும் மட்டும் 1:1-இல் எடுத்தால் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 40 படம். சில கேமராக்கள் ஃபோகஸைத் தாமே படிப்படியாக நகர்த்தி எடுக்கும். நிக்கானின் ஃபோகஸ் ஷிஃப்ட்டிலும் கேனனின் ஃபோகஸ் பிராக்கெட்டிங்கிலும் படியின் அளவாக வரும் 1 முதல் 10 வரை உள்ள எண் மில்லிமீட்டர் அல்ல. ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து ஒரு வரிசை எடுத்துப் பார்த்தால், உங்கள் லென்ஸில் ஒரு படி எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும். இந்த வசதி இல்லாத கேமராவில் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பலாம். 1:1-ஐத் தாண்டினால் ரெயில் (கேமராவையே சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்தும் தாங்கி) வேண்டும்.

முன்முனைக்குச் சற்று முன்னாலிருந்தே தொடங்குங்கள். அங்கே ஒரு படம் விடுபட்டால் பிறகு சரிசெய்ய முடியாது. ஃபோகஸ் நகரும்போது பூவின் அளவும் சிறிது மாறுவதால், சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் எல்லாப் படங்களையும் லேயர்களாக ஏற்றி, ஆட்டோ-அலைன் லேயர்ஸ், பிறகு ஆட்டோ-பிளெண்ட் லேயர்ஸில் ஸ்டாக் இமேஜஸ். எளிய பூவுக்கு இது போதும். செம்பருத்திக்குப் பெரும்பாலும் போதாது. ஸ்டாக்கிங்குக்கென்றே உள்ள ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருளில் பிமேக்ஸ் முறை சூல்முடியின் மெல்லிய மயிர்களைக் காப்பாற்றும், ஆனால் நாய்ஸையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிவிடும். அதன் இன்னொரு முறையான டிமேப் இதழின் நிறத்தை அப்படியே வைத்திருக்கும், மயிர்களைக் குழப்பிவிடும். இரண்டையும் ஓட்டி, டிமேப் படத்தின் மேல் சூல்முடியை மட்டும் பிமேக்ஸிலிருந்து தீட்டிக்கொள்ளுங்கள். காசு செலவழிக்காமல் செய்ய, ஹியூஜின் என்ற இலவசப் பனோரமா மென்பொருளோடு வரும் என்ஃப்யூஸ் இருக்கிறது: எக்ஸ்போஷர், சாச்சுரேஷன் எடை 0, கான்ட்ராஸ்ட் எடை 1, ஹார்டு மாஸ்க்.

இவ்வளவு செய்தும் சூல்முடியைச் சுற்றி மங்கலான வளையம் தெரிந்தால் அது மென்பொருளின் பிழை அல்ல. இதழில் ஃபோகஸ் இருக்கும்போது மங்கிய சூல்முடி பருத்து, பின்னால் இருக்கும் இதழை மூடிவிடுகிறது. அந்த இடம் எந்தப் படத்திலும் தெளிவாகப் பதிவாகவே இல்லை. படம் கூட்டிப் பயனில்லை. கேமராவை நன்றாகப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் தண்டு இதழுக்கு முன்னால் நிற்காமல் காலியான பின்னணிக்கு முன்னால் வரும். நேர்முகமாகவே வேண்டுமென்றால், மகரந்தப் பைகளோடு ஸ்டாக்கை நிறுத்தி, இதழ்களை மங்கலாகவே விடுங்கள். எங்கள் பார்வையில் இரண்டாவதே பூவுக்குப் பொருத்தம்: எல்லாம் தெளிந்த செம்பருத்தி தட்டையாகத் தெரிகிறது, கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது.

சேர்த்த படத்தை 16 பிட் டிஃபாகச் சேமித்து, ஓரங்களில் இழுபட்ட பகுதியை வெட்டிவிட்டு, ஷார்ப்பனிங்கைக் கடைசியில் இலேசாகப் போடுங்கள். முன்பே போட்டால் வளையங்களும் சேர்ந்து கூர்மையாகும்.