54 படி: உடற்பயிற்சிக்கு இலக்கு வைப்பது எப்படி?

தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் இல்லாத கட்டிடம், மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தொடை நடுங்கிவிட்டது. சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது, 18 கிலோ. எனக்கு 41. அன்று இரவே "மூன்று மாதத்தில் 10 கிலோ குறைக்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன்.

அது 22 நாள்தான் தாங்கியது. தினமும் நடந்தேன், தினமும் எடை பார்த்தேன். 22ஆம் நாள் காலையில் முந்தின நாளைவிட 900 கிராம் கூடுதலாகக் காட்டியது. மனசு விட்டுப்போய் நடையையும் விட்டுவிட்டேன். உடம்பில் தங்கும் தண்ணீர், சாப்பாட்டில் சேர்ந்த உப்பு, வயிற்றில் இருக்கும் உணவு இவற்றால் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரே ராத்திரியில் அது வந்து சேராது.

உழைப்பில் குறையில்லை. இலக்கைத்தான் தப்பான இடத்தில் வைத்திருந்தேன். எடை குறைவது நாம் செய்கிற வேலையின் பலன். அது எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. இன்றைக்கு 30 நிமிடம் நடப்பது நம் கையில் இருக்கிறது. அதனால் இரண்டாவது முறை தொடங்கியபோது தாளைக் கிழித்துவிட்டு ஒரு நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் எழுதியது இதுதான்: "மகளைத் தூக்கிக்கொண்டு 54 படி, நிற்காமல்."

உங்கள் முதல் பக்கத்திலும் இப்படி, வாழ்க்கையில் நிஜமாகவே உங்களை உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க வேண்டும் என்பதாக இருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் நெஞ்சு அடைக்கக் கூடாது என்பதாக இருக்கலாம். "ஆரோக்கியமாக இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எட்டிவிட்டோமா இல்லையா என்று எந்த நாளிலும் சொல்ல முடியாது.

அடுத்த பக்கம் வாரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும்; கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி வேண்டும். மிதமானது என்றால், பேசிக்கொண்டே போக முடியும், ஆனால் பாட முடியாது, அந்த வேகம். முதல் வாரமே 150ஐ எட்ட வேண்டியதில்லை. நான் 60இல் தொடங்கி வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டினேன். நிமிடத்தைக் கூட்டுகிற வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிய ஒரே வாரத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நான்கு நாள் போயிற்று. இதய நோய், நெஞ்சு வலி, தலைசுற்றல் இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் தசைப் பயிற்சி. சுவரில் கை வைத்துத் தண்டால் 10, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, இரண்டையும் மூன்று முறை. முதல் சில வாரங்களிலேயே எண்ணிக்கை வேகமாக ஏறும். தசை பெருப்பதற்கு முன்பே, இருக்கும் தசையை நன்றாக இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதுதான் காரணம். கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அந்த நாட்களில் நோட்டில் 10 என்பது 14 ஆவதைப் பார்க்கிற சந்தோஷம் பெரிது. மனம் தளராமல் இருக்க எனக்கு இதைவிட உதவியது வேறில்லை.

என் நோட்டிலிருந்து ஒரு வாரம்: "திங்கள் 25 நிமிடம். செவ்வாய் சுவர்த் தண்டால் 12, 12, 9. புதன் மழை, குறைந்தபட்சம். வியாழன் 30. வெள்ளி தலைவலி, குறைந்தபட்சம். சனி 35."

அந்த "குறைந்தபட்சம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. எவ்வளவு மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவு ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துவிட வேண்டும். என்னுடையது: ஷூவைப் போட்டு, லேஸைக் கட்டி, கீழே இறங்கி, திரும்ப ஏறி வருவது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. பல நாள் கீழே இறங்கியதும் அப்படியே நடக்கப் போயிருக்கிறேன். போகாத நாளிலும் நோட்டில் ஒரு வரி விழுந்தது. காய்ச்சல் அடித்தால் மட்டும் அதுவும் வேண்டாம், படுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது செய்வது என்பதையும் சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. "மகளைப் பள்ளியில் விட்டதும் வீட்டுக்கு வராமல் அப்படியே நடப்பேன்; மழை பெய்தால் மாடிப்படியில் ஐந்து முறை ஏறி இறங்குவேன்" என்று எழுதினேன். இப்படி "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று திட்டமிடுவதைப் பற்றி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் தவறிவிட்டதா? சரி, பரவாயில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று, ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசத்துடன். இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதும் அதில் தெரிந்தது. நான் வைத்துக்கொண்ட விதி, அடுத்தடுத்து இரண்டு நாள் விடக் கூடாது.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அதிகமாகத் தவறியிருந்தால் இலக்கைக் குறையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். எடை மெஷினை நான் மாதத்துக்கு ஒரு முறைதான் தொடுகிறேன்.

பதினோராவது வாரம், ஞாயிறு இரவு. மகள் தோளில் தூங்கிவிட்டாள். இரண்டாவது மாடித் திருப்பம் வந்தது; கால் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. கதவைத் திறந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு நோட்டில் "54" என்று எழுதினேன். அன்றே அடுத்த இலக்கையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாததால் அதன் பிறகு மூன்று வாரம் நோட்டில் வரி விழவில்லை. எட்டிய நாளிலேயே அடுத்ததை எழுதிவிடுங்கள். இப்போது என் முதல் பக்கத்தில் இருப்பது: தரையில் தண்டால், இடைவிடாமல் 30. நேற்று 22.